யாருடைய இடது?

என் அக்காவிடம் நான் வாங்கிய திட்டுகளை எண்ண உட்கார்ந்தால் வேறு வேலை நடக்காது. அவற்றில் ஒன்றை மட்டும் நானாகவே போய்ப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தத் திட்டு விழாமல் போயிருந்தால், நானும் அவளும் ஒரு நல்ல மனுஷர் முகத்தில் ஆயுசுக்கும் விழித்திருக்க முடியாது.

அக்காவுக்குப் பழைய மோட்டார் சைக்கிள்களை ஓட வைக்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால் தண்ணீர் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற பட்டறையில் இருந்தாள். எரிந்துபோனதைப் பிரித்துப் பிரித்து, உள்ளே பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது என்கிற குணம் ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் மிக்சி கொஞ்சம் குரலை மாற்றினால் போதும், இவள் கண்ணில் படாமல் மாமா அதை எடுத்து ஒளித்து வைத்துவிடுவார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீள அறைதான் அவள் பட்டறை. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும், எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று மேலே எழுதியிருக்கும். துருப்பிடித்திருந்தாலும் தூக்கிப் போட மாட்டாள். தேய்த்து, எண்ணெய் காட்டி, அதே ஓட்டையில் அதையே முடுக்குவாள். "வண்டி ஓடணும்டா, திருந்தக் கூடாது" என்பாள்.

நான் நேர் எதிர். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஒரு கீறலைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். நான் பூசிப் பிழைக்கிறேன், அவள் சுரண்டிப் பிழைக்கிறாள். கூடப் பிறந்த ஒரே காரணத்தால்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

போன வருஷம் ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர் சின்ன லாரியில் ஒரு வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். சாலையில் ஓட்டுகிற வண்டி இல்லை. மண்ணிலும் மேட்டிலும் பாய்வதற்கென்றே செய்தது. முன்சக்கரத்துக்கு எட்டாத உயரத்தில் மட்கார்டு, கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர், இடுப்பளவுக்குத் தூக்கிய சைலன்சர். வயசுக் காலத்தில் அவர் இதில் பந்தயம் ஓட்டியிருக்கிறார். டேங்கில் முப்பத்தேழு என்ற எண்ணைச் சிவப்பில் அவருடைய தம்பி கையால் தூரிகை பிடித்து எழுதியிருக்கிறார். பிறகு ஒரு நெருக்கடியில் வண்டியை விற்றுவிட்டார்கள். தம்பி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. நாற்பது வருஷம் கழித்து எங்கேயோ ஒரு கொட்டகையில் அதே வண்டி கிடைத்திருக்கிறது, தலையிலிருந்து கால்வரை யாரோ அடித்த கறுப்புப் பெயின்ட்டோடு.

வண்டி ஓடுமா என்று அவர் கேட்கவே இல்லை. தம்பி கடிதம் எழுதுகிற ஆள் இல்லையாம். அவர் கைபட்டு எழுதியது என்று சொல்ல வேறு ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சவில்லை. "அந்தக் கறுப்புக்கு அடியில அவன் எழுத்து இருக்கான்னு மட்டும் பாரும்மா" என்றார். எந்தப் பக்கம் என்று அக்கா கேட்டாள். அவர் கண்ணை மூடி யோசித்து, இடது பக்கம் என்றார்.

இன்ஜினை அக்கா ஒரு மாதத்தில் முடித்துவிட்டாள். பிஸ்டனும் பேரிங்கும் மட்டும்தான் புதுசு. விரிசல் விட்ட மட்கார்டுக்கு உள்பக்கமாக ஒட்டுப் போட்டாள். சீட் உறையின் பிரிந்த தையலைப் பழைய ஊசி ஓட்டைகளிலேயே மறுபடி தைத்தாள். கொஞ்சம் வளைந்திருந்த கால்மிதியை, ஏறி நின்று பார்த்துவிட்டு அப்படியே விட்டாள். நான் நிமிர்த்தித் தரட்டுமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். டேங்குக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. கம்பெனிக்காரன் சூட்டில் வாட்டிய மஞ்சள் பெயின்ட் கெட்டியானது. மேலே வந்த கறுப்பு அவ்வளவு கெட்டி இல்லை. பஞ்சில் கொஞ்சமாகத் தின்னரை நனைத்துத் தடவி, நிதானமாகத் துடைத்தால் கறுப்பு மட்டும் வரும். அவசரப்பட்டால் தூரிகையால் எழுதியதும் சேர்ந்து வந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு தீப்பெட்டி அகலம்தான் தேய்ப்பாள்.

முதலில் ஓரங்களில் மஞ்சள் தெரிந்தது. அதைக் காட்டுவதற்கே எனக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். மூன்றாவது வாரம் நடுப்பகுதிக்கு வந்தபோது மஞ்சள் நின்றுவிட்டது. கறுப்புக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்த கோடுகளோடு வெறும் தகரம். எவனோ வண்டியைக் கீழே போட்டு, எழுத்தோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு, ஒடுக்கைப் பட்டி பூசி நிரவியிருக்கிறான். அக்கா பஞ்சைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை மறுபடி கழுவ ஆரம்பித்தாள். இரண்டு நாள் டேங்க் பக்கமே அவள் போகவில்லை.

அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு தகரத் துண்டில் அதே மஞ்சளைக் கலந்து அடித்து, தூரிகையால் சிவப்பில் முப்பத்தேழு எழுதி, வெளுக்க வைத்து, துணியால் தேய்த்து நாற்பது வருஷம் ஏற்றினேன். தற்பெருமை இல்லை, அப்படியே அசலாக இருந்தது. அவரால் கண்டுபிடிக்கவே முடியாது, பாவம், சந்தோஷமாகப் போவார் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். டேங்கில் எழுத எவ்வளவு நேரமாகும் என்றுகூடக் கேட்டாள். அரை நாள் என்றேன். சரி, மீன் தூண்டிலைக் கடித்துவிட்டது என்று நினைத்துப் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன்.

"அவர் தம்பி எழுதினதைக் கேட்டாருடா" என்றாள். "என் தம்பி எழுதினதை நான் எப்படிக் குடுப்பேன்? அறிவு இருக்கா உனக்கு? எழுந்து போ."

நான் எழுந்து போவதற்குள் அவருக்குப் போன் செய்துவிட்டாள்.

மறுநாள் காலை வந்தார். டேங்கை வண்டியில் மாட்டி வைத்திருந்தோம். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை, என் தகரத் துண்டு உட்பட. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கோபப்படவில்லை. வெறும் தகரத்தின்மேல் கையை வைத்து, பரவாயில்லம்மா என்றார். அந்தப் பரவாயில்லைக்குப் பதிலாக அவர் நாலு அறை விட்டிருக்கலாம். பிறகு வண்டிக்கு முன்னால் போய், அதைப் பார்த்தபடி முன்சக்கரத்தை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். நின்றவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"நீ ஏம்மா அந்தப் பக்கம் தேய்ச்சே?"

"நீங்கதானே சார் இடதுன்னீங்க?"

"இடதுதான்." தன் இடது கையை நீட்டிக் காட்டினார். "வண்டி சாயாம நான் இப்படித்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவன் இங்க உக்காந்துதான் எழுதினான்."

வண்டி வேலை செய்கிறவர்களுக்கு இடது என்றால் சீட்டில் உட்கார்ந்திருப்பவனின் இடதுதான். அதில் இன்னொரு அர்த்தம் இருக்கும் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. ஊர் நிலத்தையெல்லாம் வடக்கு தெற்கு பிசகாமல் அளந்த மனுஷர் சொந்த வண்டிக்கு மட்டும் எதிரில் நின்று திசை சொல்லியிருக்கிறார். என் பேச்சைக் கேட்டிருந்தால், அவ்வளவு அழகான பொய்யை எழுத்தே இல்லாத பக்கத்தில் எழுதி வைத்திருப்பேன். அவர் வண்டிக்கு எதிரில் வந்து நின்றதுமே கண்டுபிடித்திருப்பார்.

அக்கா வலது பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பஞ்சை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் எனக்கு விட்ட வேலை. அன்றைக்குத் தீப்பெட்டி அளவெல்லாம் அவள் பார்க்கவில்லை, ஆனால் கை மட்டும் அவசரப்படவில்லை. முதலில் மஞ்சள் வந்தது. நின்றுவிடுமோ என்று பார்த்தேன், நிற்கவில்லை. அப்புறம் சிவப்பாக ஒரு வளைவு. மூன்றின் மேல்பகுதி. அவர் குனிந்துகொண்டே வந்தார். ஏழு முழுதாக வர மத்தியானம் ஆகிவிட்டது. அதன் காலடியில் பெயின்ட் லேசாக அமுங்கியிருந்தது. அக்கா விளக்கைக் கிட்டே பிடித்தாள். கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "காயறதுக்குள்ள தொட்டுப் பாத்திருக்கான், படவா" என்று சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. "இத்தனை பந்தயம் ஓட்டினேன். எப்பவும் என் முழங்கால் இது மேலதான் இருந்துருக்கு. ஒரு நாள்கூட நான் பாக்கல."

அக்கா தின்னர் டப்பாவை மூடினாள். அதற்கு மேல் யாரும் டேங்கில் கை வைக்க வேண்டாம் என்றாள். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கி, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். அது வாசல்வரை கேட்டிருக்கும்.