நேரம் தப்பி ஊதிய சங்கு

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனாலும் பசறையிலிருந்து நமுனுகுல வரை தேயிலை அரைக்கிற எந்த ஸ்டோரில் இன்ஜின் கரைச்சல் கொடுத்தாலும், படித்தவர்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்க, என்னைத்தான் கூப்பிடுவார்கள். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அந்தக் காதால்தான் அன்று காலை விமானத்தையும் கேட்டேன். இரண்டு இன்ஜின் வைத்த சின்ன விமானம். ஒன்று முக்கிக்கொண்டு இழுத்தது. மற்றது இருமி இருமி நின்றுவிட்டது. மலைகளுக்கு நடுவே வட்டமடித்தது, ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே வந்தது. எங்கள் தோட்டத்தில் தட்டையான நிலம் என்றால் நாங்கள் குடியிருக்கிற லயங்களுக்குக் கீழே இருக்கிற பந்து மைதானம் ஒன்றுதான். அங்கேதான் இறங்கப் பார்க்கிறான் என்று அந்த விமானிக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்றுகூடச் சொல்வேன்.

மைதானத்தில் இரண்டு பேர் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கத்தினால் கேட்காது. அவர்களை விரட்டுவதற்காக ஓடிப்போய் ஸ்டோர் சங்கின் பொத்தானை அழுத்தினேன்.

மண்சரிவுப் பயம் வந்த பிறகு எங்கள் தோட்டத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. நேரம் தப்பிச் சங்கு ஊதினால், போட்டது போட்டபடி எல்லாரும் மைதானத்துக்கு ஓடிவர வேண்டும். பல தடவை ஓடிப் பழகியும் இருந்தார்கள். அந்தச் சங்கை மாட்டிக் கொடுத்தவனே நான். அந்த நிமிடம் அது என் புத்தியில் இல்லை.

புல் அறுத்தவர்கள் நகரவில்லை. மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு பெண்கள் இறங்கி ஓடிவந்தார்கள். லயங்களிலிருந்து கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள். சங்கை நிறுத்தினேன். வந்தவர்கள் வந்தவர்கள்தான். என் சம்சாரத்தின் சிவப்புத் தலைத்துண்டு நடு மைதானத்தில் தெரிந்தது. விமானம் அதற்கு நேரே இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசி நேரத்தில் அது சாய்ந்து, மைதானத்தை விட்டுவிட்டு, பக்கத்துப் புல்மேட்டில் போய் மோதியது. முதலில் ஓடியவன் நான். நெளிந்த கதவைக் கடப்பாரையால் நெம்பி விமானியை வெளியே இழுத்தேன். கால் முறிந்திருந்தது, உயிர் இருந்தது. எனக்குக் கோயிலில் மாலை போட்டார்கள்.

பிறகு கொழும்பிலிருந்து அதிகாரிகள் விசாரிக்க வந்தார்கள். சங்கு ஊதியது வெளியே வந்தால் என் வேலை போய்விடும் என்று லயத்துச் சனம் பேசி வைத்துக்கொண்டு, "மைதானத்துல யாருமே இல்லீங்க, எல்லாரும் மலையிலதான் நின்னோம்" என்று ஒரே வாயாகச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன்.

நட்டப்பட்ட அந்த விமானி சில மாதம் கழித்து, கைத்தடியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சிங்கள மனிதர், தமிழ் ஓரளவு வரும்.

"ஐயா, கிரவுண்டுல ஆள் நின்னாங்கதானே? நல்ல கிரவுண்ட விட்டுட்டு, பயந்து மேட்டுல கொண்டுபோய் அடிச்சேன்னு சொல்றாங்க. இனிப் பறக்க விடமாட்டாங்க. எனக்கே இப்ப சந்தேகம். நான் பாத்தது ஆளா, மாடா?"

பேச்சை மாற்றினேன். "ஒரு இன்ஜின் போனா என்னங்க, மத்தது நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஓடுறதுதான் கஷ்டம் ஐயா. அது தன் பலத்துல பிளேன ஒரு பக்கமா இழுக்கும். காலால மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். கொஞ்சம் விட்டாலும் கவிழ்த்திரும்."

நின்றுபோன இன்ஜின்களோடுதான் என் காலம் முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன். நன்றாக ஓடுகிற ஒன்று ஆளைக் கவிழ்க்கும் என்று யோசித்ததே இல்லை. அதைப் பற்றி இன்னும் நாலு கேள்வி கேட்டேன். தேத்தண்ணீர் கொண்டுவந்த என் சம்சாரம் கோப்பையை டொக்கென்று வைத்தாள்.

"ஏங்க, அரை மணி நேரமா இன்ஜின் கதை. ஊதுனது யாருன்னு இன்ஜினா வந்து சொல்லும்? மாலைய வாங்கிக்கத் தெரிஞ்ச கழுத்துக்கு வாய் இல்லியா?"

சொன்னேன். சங்கையும் சொன்னேன், லயத்தில் பேசி வைத்த பொய்யையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எத்தன பேர் நின்னாங்க?"

"நூறு பேருக்கு மேல இருக்கும். இவளும் நின்னா."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "செவப்புத் துண்டு," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடியிருந்தபோது, விசயத்தைச் சொன்னேன். "உங்களக் காப்பாத்தப் போயி நாங்க பொய்க்காரங்களாயிட்டோமே, அண்ணே!" என்று ஒருத்தி கத்தினாள். ஆனாலும் உண்மையைச் சொல்லிக் கொழும்புக்கு அனுப்பிய கடிதத்தில் முதலில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். கிளாக்கர் எழுதிய அந்தக் கடிதத்தின் அடியில், என் கோணல் எழுத்தில் நானே ஒரு வரி எழுதினேன்: சங்கு ஊதினது நான்.

அவரை மறுபடி பறக்க விட்டார்கள். எனக்கு ஸ்டோர் வேலை போனது. போகட்டும், இன்ஜின் நின்றால் இன்றைக்கும் என்னைத்தான் தேடி வருகிறார்கள். விமானக் கதையையும் கேட்கிறார்கள். முன்பெல்லாம் கடப்பாரையிலிருந்து தொடங்குவேன். இப்போது சங்கிலிருந்து தொடங்குகிறேன்.