மாமா ஒருநாள் உண்மை பேசினார்

போன ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், கடற்படைக் கமாண்டரான என் கணவரைக் கப்பலிலிருந்து இறக்கிக் கரையில் உட்கார வைத்துவிட்டார்கள். கப்பல் புறப்படும் நாளையும் போகும் திசையையும் வீட்டில் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் வெள்ளை உடுப்பைக் கழற்ற வேண்டும். போனில் அவர் குரல் வற்றிய கிணற்றில் வாளி இடிப்பதுபோல வந்தது. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்றார். எனக்குத் தெரியாதா? என்னிடமே சொல்லமாட்டார்.

ஊருக்குச் சொன்னது அவருடைய அப்பா. பாறசாலை ஜங்ஷனில் என் மாமனாருக்குக் கேப்டன் என்று பெயர். கடற்படை ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுத்து ஓய்வுபெற்றவர். எழுபத்தொன்றாம் வருட யுத்தத்தில் அவர் சுட்டு வீழ்த்திய விமானங்கள் டீக்கு ஒன்று வீதம் கூடிக்கொண்டே வந்தன. நம் சபை வாலிபர்கள், படையில் இருந்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்கிறோம் என்று அவர் முன்னால் போனை நீட்டினார்கள். மாமா மீசைக்கு மை பூசிக்கொண்டு உட்கார்ந்தார். விமானமெல்லாம் விழுந்து தீர்ந்தபின் ஒரு ஜெபக்குறிப்பு சொன்னார்.

"மவன் சொன்னான். வாற திங்கக்கிழமை அவனுக்க கப்பல் அந்தமான் பக்கமாட்டு போவுது. எல்லாரும் ஜெபிக்கணும் மக்களே."

நம் ஊர் ஜெபக்குறிப்பின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். யார் மகளுக்கு எந்த ஆஸ்பத்திரியில் என்ன கட்டி, எந்த வீட்டில் விவாகரத்து, எல்லாவற்றையும் விலாசத்தோடு சொன்னால்தான் நமக்குத் திருப்தி. ஆண்டவருக்குத் தெரியாது பாருங்கள். சபைக் குழுவில் வீடியோ ஏறியது. கைகூப்பிய படங்கள் பொழிந்தன. காஞ்சிரங்குளம், நெய்யாற்றின்கரை, வளைகுடா என்று ஓடி, போகக் கூடாத இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

விசாரணை என்று கேட்டதும் ஆமென் போட்டவர்கள் ஒவ்வொருவராகக் குழுவை விட்டுக் கழன்றார்கள். சபைச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். தன் பெயரை எங்கும் சொல்லிவிடக் கூடாதென்று கேட்கத்தான். செருப்பை மாட்டிக்கொண்டே, "நாங்க ஜெபத்தில உண்டு டீச்சரே" என்றார். ஜெபம் என்ற சொல் அன்று எனக்குக் காஞ்சிரங்காயாகக் கசந்தது.

மாமாவுக்கு எப்படித் தெரிந்தது? கடற்படை வீடுகளில் இது பழகிப்போன சங்கதி. 'கேஸ் சிலிண்டர் புக் பண்ணிவிடு, பிள்ளையின் ஃபீஸை முன்னாலேயே கட்டிவிடு' என்று போன் வந்தால் ஆள் கடலுக்குப் போகிறார். மாமா அதை வைத்துப் புறப்படும் நாளை ஊகித்தார். திசை வாய்க்கு வந்தது. குருட்டுக் கல்லுக்கு மாங்காய் விழுந்துவிட்டது. இதை அதிகாரிகளிடம் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"கேப்டன்னு விளிக்கிய ஊர்ல, சும்மா ஊகிச்சேன்னு எப்பிடி மக்ளே சொல்லுவேன்?" என்றார்.

மகனுடைய வாழ்வு தொங்குகிறது. இவருக்கு ஜங்ஷன் டீ பெரிது.

மீன் கழுவிய கையோடு அடுக்களையில் நின்று அழுதேன். பக்கம் பக்கமாக எழுதுகிறவள் நான். ஜெபிக்க வந்தது ஒரு வரிதான். ஆண்டவரே, இந்தக் கிழவர் ஒருநாளாவது உண்மை பேச வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். விசுவாசத்தில் கேட்டதாகச் சொல்லமாட்டேன். வெறுப்பில் கேட்டேன்.

கொச்சியில் விசாரணை; வீடியோவில் பேசிய மாமாவுக்கும் அழைப்பு வந்தது. ரயிலிலும் எதிரே இருந்தவருக்காக ஒரு விமானத்தை வீழ்த்திக்கொண்டுதான் வந்தார். காது மந்தம் என்பதால் என்னையும் பக்கத்தில் உட்காரவிட்டார்கள். யுத்தத்தில் எந்தக் கப்பலில் இருந்தீர்கள் என்று அதிகாரி மரியாதையாகக் கேட்டார். மகன் என்ன சொன்னார் என்றும் கேட்டார்.

மாமா எழுந்து விறைப்பாக நின்றார்.

"சாறே, நான் யுத்தத்துக்குப் போவல்ல. அந்தச் சமயம் இந்தக் கொச்சியில, ஸ்டோர்ல, பூட்ஸ் எடுத்துக் குடுத்துட்டு நின்னேன். வீடியோவில உள்ளது முழுக்க என் தள்ளு, வெறும் புளுகு ஆக்கும். மவன் காரியமும் அதுதான். அவன் எங்கிட்ட வாய் திறக்கமாட்டான். என்னைய நம்பாத மவன் சாறே அவன்."

பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். யுத்தகாலம் முழுக்க ஸ்டோர்தான். அவர் புளுகர் என்பதற்கு அரசாங்கமே சாட்சி நின்றது. மழை ஓயும் முன் என் கணவர் மறுபடி கப்பலேறினார்.

கொச்சியில் நடந்ததையும் யாரோ ஜெபக்குறிப்பாக்கிவிட்டார்கள். இப்போது ஜங்ஷனில் மாமாவைப் பார்த்தால் பூட்ஸ் கொடுப்பதுபோல் கைகாட்டிச் சிரிக்கிறார்கள். அவர் அங்கே போவதில்லை. டீ நான் போட்டுக் கொடுக்கிறேன். அவரை நேசிக்கிறேன் என்றால் அது இன்னொரு புளுகு. ஆனாலும் அந்த அறையில் அவர் எழுந்து நின்றபோது, அடுக்களையில் நான் கேட்டது கிடைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். வெறுப்பில் கேட்டவளுக்கே செவிகொடுத்த ஆண்டவருக்கு நன்றி சொல்லாமல் இப்போது எனக்கு ஒருநாளும் விடிவதில்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயலாளர் பக்கத்தில் வந்து, "டீச்சரே, கமாண்டர் அண்ணன் இப்பம் எங்க? ஜெபிக்கதுக்காக்கும்" என்றார்.

"கடல்ல."

"கடல்ல எந்தப் பக்கம்?"

"அது ஆண்டவருக்குத் தெரியும். அவர நம்பி, தெரியாமலே ஜெபிச்சுப் பாருங்க" என்றேன்.