குகை கேமும் ஜாகிரின் கையும்

ஜாகிர் ஜாய்ஸ்டிக்கை மேசைமேல் வைத்துவிட்டு, இனிமேல் வரப்போவதில்லை என்றார். கோவளத்தில் அவர் நடத்தும் கண்ணாடிக் கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்து பில் போடப் போகிறாராம்.

"கை செத்துப்போச்சு மேடம். கட்டர் புடிக்கிற கை இல்ல இது."

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில் இருக்கும் தெரபி மையத்தில் நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். விபத்திலும் ஆபரேஷனிலும் முடங்கிப்போன கைகளை மறுபடி வேலைக்குப் பழக்குவது என் தொழில். இதில் வெகுகாலம் குப்பை கொட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன், ஜாகிரின் கை சாகவில்லை. நன்றாகவே தேறிக்கொண்டிருந்தது. அதை அவரை நம்பவைக்க முடியாமல்தான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். என் பேச்சைவிட அவர் ஒரு வீடியோ கேமைத்தான் அதிகம் நம்பினார்.

இப்போது படித்து முடித்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை உதவலாம் என்பதால் எழுதுகிறேன். பாடப் புத்தகத்தில் இது இருக்காது.

பெட்டியும் டப்பாவும்

விரல்களைத் தனித்தனியாக வேலை வாங்க வீடியோ கேம் நல்ல பயிற்சி. தெரபி புட்டி என்கிற களிமண் மாதிரி உருண்டையைப் பிசையச் சொன்னால் கொட்டாவி விடுகிறவர்கள்கூட, கேம் என்றால் நேரம் போவது தெரியாமல் அழுத்துவார்கள். எங்களிடம் இரண்டு செட்டு இருந்தன. இரண்டுக்கும் தனித்தனிக் கட்சியும் இருந்தது.

ஒன்று, கம்பெனியே அதிகாரபூர்வமாக வெளியிட்ட மினி கன்சோல். பழைய மெஷினை அப்படியே சுருக்கி, சோப்புப் பெட்டி அளவுக்குச் செய்திருந்தார்கள். எங்கள் பிஸியோதெரபிஸ்ட் குணசேகரனுக்கு அவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. ஒரு ஒயரை டிவியில் செருகி, இன்னொன்றை போன் சார்ஜரில் மாட்டினால் வேலை முடிந்தது. கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும் ஒன்றும் நடக்காததுபோல் விழித்துக்கொள்ளும். குறை என்று பார்த்தால், ஜாய்ஸ்டிக் ஒயர் ரொம்பக் குட்டை. சக்கர நாற்காலியில் வருகிறவரை டிவிக்கு மூக்கு இடிக்கிற தூரத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதோடு, உள்ளே எப்படி இருக்கிறதோ அப்படித்தான். எதையும் கூட்டவோ குறைக்கவோ வழி இல்லை.

மற்றது, கையை அசையாமல் தாங்கும் ஸ்பிளின்ட் செய்துதரும் எங்கள் டெக்னீஷியன் சம்பத்தின் கைவேலை. உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு வாங்கி, அதில் எமுலேட்டர் ஏற்றி, வீட்டுச் சப்பாத்தி டப்பாவில் ஓட்டை போட்டு உட்காரவைத்திருந்தார். எமுலேட்டர் என்பது பழைய மெஷின் மாதிரியே நடந்துகொள்ளும் ஒரு சாப்ட்வேர். மினிக்குள்ளே இருப்பதும் அதே ஜாதிச் சரக்குதான் என்று சம்பத் சொன்னால் குணா காதில் போட்டுக்கொள்ள மாட்டார். டப்பாவில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். விரல் மடங்காதவருக்குப் பெரிய பட்டன் போடலாம். ஸ்பிளின்ட் செய்து மிஞ்சிய பிளாஸ்டிக் ஷீட்டை வெந்நீரில் இளக்கி, அவரவர் கைக்கு ஏற்றபடி பிடி செய்து ஒட்டலாம். ஆனால் கரண்ட் பட்டென்று போனால் மெமரி கார்டு படுத்துவிடும். சம்பத் வந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றும்வரை அது வெறும் சப்பாத்தி டப்பா.

ஒரிஜினல் ஒரிஜினல்தான் என்பது குணாவின் கட்சி. பேஷண்டுக்குத் தகுந்தபடி வளையாத சாமான் எதற்கு என்பது சம்பத்தின் கட்சி. டீ வேளையில் இருவரும் முட்டிக்கொள்வார்கள். எனக்கு இரண்டுமே காதைத் துளைக்கிற சனியன்கள்.

மீட்டர் உங்களுது

நாவலூரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பால்கனிக்குக் கண்ணாடி பொருத்தும்போது, அது நழுவி ஜாகிரின் வலது மணிக்கட்டை அறுத்துவிட்டது. அறுந்த தசைநாணைத் தைக்கும் டெண்டன் ரிப்பேர் ஆபரேஷன் நடந்து, ஸ்பிளின்ட் போட்டு, மெல்ல மெல்ல விரல் அசைத்து, பிறகு பலம் கூட்டும் கட்டத்துக்கு எங்களிடம் வந்தார். கேளம்பாக்கத்தில் இறங்கி வண்டலூர் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு நாள் தவறாமல் வருவார். சொன்ன பயிற்சியைச் சொன்னபடி செய்வார். இப்படி ஒரு பேஷண்ட் கிடைப்பது வரம்.

அப்போது சம்பத் மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். டப்பாவும் கரண்ட் போய்ப் படுத்திருந்தது. அதனால் மினியைத்தான் போட்டுக் கொடுத்தேன். கேம் பட்டியலைப் பார்த்ததும் ஜாகிரின் முகம் மலர்ந்துவிட்டது. சின்ன வயதில் அவர் வீட்டில் மஞ்சள் கேசட் போடும் டிவி கேம் செட்டு இருந்ததாம். அதில் இருந்த குகை கேம் இதிலும் இருந்தது. ஒரு குட்டி மனிதன் குகைக்குள் ஓடி, பள்ளங்களைத் தாண்டி, வாசலைக் காக்கும் பூதத்தை ஏமாற்றி வெளியேற வேண்டும். கோவளத்தில் தன்னைவிட்டால் அந்த பூதத்தைத் தாண்டினவன் கிடையாது என்றார். கண்ணை மூடிக்கொண்டு முடிப்பாராம்.

மூன்றாவது பள்ளத்தில் விழுந்தார். மறுபடி ஆடினார், அதே பள்ளம். கட்டைவிரல் ஒவ்வொரு தடவையும் ஒரு துளி பிந்தியே பட்டனை அழுத்தியது. முதல் நாள் சிரித்தார், அடுத்த தடவை சிரிப்பு குறைந்தது, அப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் ஆடினார். கிரிப் மீட்டரில் அவருடைய பிடி வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டு வந்தது. நான் அதைக் காட்டிக் காட்டிப் பேசினேன். வேறு கேம் ஆடச் சொன்னேன். ஒருநாள் மினியையே பீரோவுக்குள் பூட்டிவைத்தேன். எதற்கும் அசையவில்லை.

"மீட்டர் உங்களுது மேடம், கேம் என்னுது. அது எனக்குப் பொய் சொல்லாது."

கையை நம்பாதவன் கண்ணாடி அறுத்தால் கை நடுங்கும், நடுங்கினால் இன்னொரு தடவை அறுபடும். அப்படிப் பார்த்தால் அவர் கடையை விடுவதுகூட நியாயம்தான். அதுதான் எனக்கு ஆத்திரத்தையும் வருத்தத்தையும் ஒன்றாகக் கொடுத்தது. நல்ல கை ஒன்று, கெட்டுப்போனது என்ற நினைப்பிலேயே கல்லாவில் கிடக்கப் போகிறது.

அவசரமாக ஓடிய பாட்டு

கடையை ஒப்படைக்கப் போவதாக அவர் சொன்ன அன்றைக்குத் துணைக்குத் தங்கை பரீதாவும் வந்திருந்தார். அண்ணனுக்கு எப்படியாவது புத்தி சொல்லுங்கள் என்று வந்ததும் என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சம்பத் லீவு முடிந்து வந்து டப்பாவுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார். வந்தது வந்தீர்கள், போகுமுன் கடைசியாக ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போங்கள் என்று ஜாகிரை நான்தான் உட்காரவைத்தேன். மினியில் குகை கேம் தொடங்கியது. மூன்றாவது பள்ளத்தில் முடிந்தது.

கதவைத் திறந்துகொண்டு பரீதா உள்ளே வந்தார்.

"அண்ணே, இது நம்ம பாட்டு இல்ல. ஏன் இப்டி தலதெறிக்க ஓடுது?"

உனக்கு என்ன தெரியும், நீ எங்கே ஆடினாய் என்றார் ஜாகிர். பரீதா விடவில்லை. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை அண்ணன் ஒருநாளும் தந்ததில்லையாம். அதே அறையில் டிவிக்கு முதுகைக் காட்டிப் படிக்க உட்காரவைத்திருந்தார்களாம். வாய்ப்பாடு மண்டையில் ஏறியதோ இல்லையோ, இந்தக் குகைப் பாட்டு அணு அணுவாக ஏறிவிட்டது என்றார். அதை முனகியும் காட்டினார். அவர் முனகியது அதே மெட்டுதான், ஆனால் நிதானமாக வந்தது.

சம்பத் டப்பாவின் மெனுவுக்குள் புகுந்து எதையோ மாற்றி, குகை கேமைப் போட்டார். பாட்டு வந்தது. இதுதான் என்று பரீதா தலையாட்டினார். ஒரே ஒரு தடவை என்று கெஞ்சி, ஜாகிரின் கையில் டப்பாவின் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தேன்.

மூன்றாவது பள்ளத்தைத் தாண்டினார். அடுத்ததையும் தாண்டினார். அவர் தோள் தளர்ந்து, முதுகு நாற்காலியில் சாய்ந்தது. எந்த இடத்தில் என்ன வரும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது, கட்டைவிரலுக்கும் தெரிந்திருந்தது. பூதத்தின் காலடியில் புகுந்து அந்தப் பக்கம் போனபோது, பக்கத்துக் கட்டிலில் இடுப்பு வலிக்கு வந்திருந்த பெரியவர்கூடக் கை தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து சம்பத் வாயைத் திறந்தார். பெருமை தாங்காமல் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். வெளிநாட்டு மெஷின் நொடிக்கு அறுபது படம் காட்டும். நம்மூரில் விற்ற மஞ்சள் கேசட் செட்டோ, நம்மூர் டிவிக்கு ஏற்ப ஐம்பதுதான் காட்டும். அதனால் நம்மூரில் அந்த கேமே கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியது. மினியில் அறுபது நிரந்தரம், டப்பாவில் மாற்றலாம், மாற்றிவிட்டேன் என்றார்.

ஜாகிரின் முகம் சுருங்கியது.

"எனக்காக ஸ்லோ பண்ணிட்டு ஜெயிச்சேன்னு கை தட்றீங்களா? நான் இன்னா பச்சப் புள்ளயா மேடம்?"

குணா உட்கார்ந்தார்

சம்பத் திரும்பத் திரும்ப விளக்கினார். விளக்க விளக்க அது சமாதானப் பேச்சு மாதிரியே ஆகிக்கொண்டு போனது. பரீதா சொன்னதும் அண்ணன் மேல் உள்ள பாசத்தில் சொன்னது என்று ஆகிவிட்டது. ஜாகிர் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று பார்த்தேன். மினியைத் துடைத்துக்கொண்டு குணா நின்றிருந்தார். செங்கல்பட்டில் தன் தெருவுக்கே இந்த கேமில் சாம்பியன் என்று டீ குடிக்கும்போதெல்லாம் அளப்பவர். அவர் வீட்டிலும் அதே மஞ்சள் கேசட்தான். மினி வந்தபிறகு எல்லோருக்கும் மாட்டிக் கொடுத்தாரே தவிர, அவர் உட்கார்ந்து ஆடி நான் பார்த்ததில்லை. உங்கள் ஒரிஜினலில் நீங்களே ஒரு கை ஆடிக் காட்டுங்கள் என்றேன். இரண்டு கையும் முழுசாக இருக்கிற ஆள் ஆடட்டும், அப்புறம் பேசலாம்.

குணா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாவது பள்ளத்தில் விழுந்தார்.

ஒயர் குட்டை என்றார். மறுபடி விழுந்தார். ஜன்னல் வெளிச்சம் டிவியில் அடிக்கிறது என்றார். ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டோம். விழுந்தார். ஜாகிர் தோளில் பையோடு கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல இரண்டு அடி உள்ளே வந்தார். சீக்கிரமே குதிக்கணும் சார் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். குணா சீக்கிரமே குதித்து, பள்ளத்துக்கு இந்தப் பக்கமே பாறையில் முட்டிச் செத்தார். ஜாகிர் சிரித்துவிட்டார். எங்கள் மையத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான். பரீதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அதே கையோடு குணாவை டப்பாவில் ஐம்பதில் ஆடவிட்டோம். மூன்றாவது பள்ளத்தை அலட்டிக்கொள்ளாமல் தாண்டினார். பூதம்வரை போனார். திரும்பிப் பார்த்து, பார்த்தீர்களா, நான் சாம்பியன்தான் என்று வேறு சொன்னார்.

ஜாகிர் பையை இறக்கிவைத்துவிட்டு, மேசைமேல் இருந்த கிரிப் மீட்டரைத் தானாகவே எடுத்து ஓர் அழுத்து அழுத்தினார். முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது எப்போலேந்து இங்க நிக்குது மேடம்?"

இடது கைக்கு ஏறக்குறைய சமமா வந்து ரெண்டு வாரம் ஆச்சு என்றேன்.

அங்கேயே நின்று மச்சானுக்குப் போன் போட்டார். கட என்கிட்டயே இருக்கட்டும் மச்சான், தப்பா எடுத்துக்காத என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருப்பார்கள் போல. ஜாகிர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"கை ஸ்லோ ஆவல மச்சான். கேம்தான் வேகமா ஓடிக்கீது."

அடுத்த தடவை வந்தபோது டப்பாவை அறுபதில் வைக்கச் சொல்லி அவரே கேட்டார். புது வேகத்தையும் பழகிப் பார்த்துவிடலாமே என்றார். பழகியும்விட்டார். குணாவுக்கு இன்றுவரை முடியவில்லை.

இரண்டில் எது நல்லது என்று வேறு மையங்களிலிருந்து என்னிடம் கேட்கிறார்கள். பராமரிக்க ஆள் இல்லாத இடத்துக்கு மினிதான் சௌகரியம் என்கிறேன். சம்பத் மாதிரி ஒருவர் இருந்தால் டப்பா. ஆனால் நான் அன்றைக்குக் கற்றது பெட்டி சமாசாரம் அல்ல. பேஷண்டின் கையில் மீட்டரைக் கொடுப்பதற்கு முன்னால், அவர் தன் கையை எதை வைத்து அளக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அளவுகோல் அன்றைக்கு இருந்ததுபோலவே இன்றைக்கும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

போன வாரம் சாப்பாடு டெலிவரி செய்யும் ஒருவர் விரல் முறிந்து வந்தார். கை நல்லா இருந்தப்ப எது உங்களுக்கு ரொம்ப ஈசியா இருந்திச்சு என்று கேட்டேன். ஓடுகிற லிப்டில் நின்றபடி ஒற்றைக் கையால் ஹெல்மெட் கொக்கி மாட்டுவதாம். இந்த விரலை வைத்துக்கொண்டு இப்போது மாட்டவே முடியவில்லை என்றார். அந்த ஹெல்மெட்டை வாங்கிப் பார்த்தேன். கொக்கி இறுக்கமாக இருந்தது. எப்போது வாங்கியது என்று கேட்டேன். பழையது விபத்தில் உடைந்துவிட்டதாம், இது புதுசாம்.

சம்பத்தைக் கூப்பிட்டு, முதலில் பழைய மாடல் கொக்கி ஒன்று வாங்கிவரச் சொன்னேன்.