பகவதி சொன்ன பொய்

என் மகளின் காலில் சூடு வைத்தவள் நான். அடுப்பில் காய்ந்த இரும்புச் சட்டுவத்தை எடுத்து, ஆறு வயதுப் பிள்ளையின் தொடையில் இழுத்தேன். கை தவறவில்லை. தெரிந்தே செய்தேன்.

இதைக் கேட்டபின் உங்களுக்கு என் முகத்தில் விழிக்கவே பிடிக்காமல் போகலாம்... போகட்டும். முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

தேசத்துக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். கொட்டாரம் என்ற ஊரில் எங்கள் வீடு. என் கணவருக்குப் பலசரக்குக் கடையில் வேலை. பிறந்து சில வாரங்களேயான ஆண் குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தேன். மார்பில் பால் கட்டி வலித்த நாட்கள் அவை. நான் அழவே இல்லை.

சூடு வைத்த அன்று காலை, என் மகள் பகவதி கன்றை அவிழ்த்துவிட்டாள். அது பசுவின் மடியை முட்டி முட்டி, கறப்பதற்கு ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை. "பாவம்லா அம்மா, அதுக்குப் பசிக்கும்லா" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. துக்கம் ஒரு காரணமா? காரணம்தான். நியாயமாகுமா?

சாயங்காலம் அவள் அப்பா புண்ணைப் பார்த்துப் பதறினார். நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்: "நானே அடுப்பில விழுந்துட்டேன்ப்பா."

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. நான் தேங்காயெண்ணெய் தடவுவதைப் பார்த்த பக்கத்து வீட்டு இசக்கியம்மை, "இப்பிடி ஒரு அம்மை கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றாள். அந்தப் புகழையும் வாங்கிக்கொண்டேன்... எப்படி முடிந்தது என்னால்?

புண் ஆறியது. ஒரு மழைநாளில் பகவதி துணிப்பொம்மையை மடியில் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். ஈர்க்குச்சியால் அதன் காலில் ஒரு கோடு இழுத்துவிட்டு, "அழாத கேட்டியா... யாராவது கேட்டா விழுந்தேன்னு சொல்லணும். இல்லேன்னா அம்மைக்குச் சங்கடம்" என்றாள். எவ்வளவு கனிவாகச் சொன்னாள்!

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளை என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அன்று கணவர் உண்டு முடித்ததும் அவளையும் அருகில் உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். "அவ விழல்ல. நான்தான் சுட்டேன். இனி எனக்காக அவ பொய் சொல்லண்டாம்."

பல நாள் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள், "செத்த பிள்ளைக்காக நீ அழவே இல்லியே" என்றார். அன்றுதான் அழுதேன். அவரும் அழுதார்.

கோபம் போய்விட்டதா? இல்லை... அது வரும்போதெல்லாம் கிணற்றடிக்குப் போய், கை ஓயும்வரை இறைத்துத் தென்னைக்கு ஊற்றினேன். "ஏட்டி செல்லம்மை, தென்னைய முக்கிக் கொல்லப் போறியா?" என்று இசக்கியம்மை சிரிப்பாள். அதற்குப் பிறகும் கத்தியிருக்கிறேன். கை ஓங்கியதில்லை. ஒவ்வொரு தடவையும் என்னோடு நானே மல்லுக்கு நின்று ஜெயித்தேன்.

பகவதிக்குப் பன்னிரண்டு வயதானபோது, ஒரு காலையில் குடம் கிணற்றில் விழுந்துவிட்டது. நான் சத்தம் போட்டேன். அவள் ஓடவில்லை, ஒளியவில்லை. என் முகத்துக்கு நேரே நின்றாள்.

"கயிறு அறுந்துபோச்சு. எனக்க மேல தப்பில்ல. பின்ன... அண்ணைக்குச் சுட்டதும் எனக்க தப்பில்ல. அது ஒனக்க தப்பு."

குரல் நடுங்கவே இல்லை.

"ஆமா மக்களே, எனக்க தப்புதான்" என்றேன்.

பெற்ற மகள் குற்றம் சாட்டுகிறாள். தாய்க்கு உடம்பெல்லாம் பூரிக்கிறது! வேடிக்கையாக இருக்கிறதா உங்களுக்கு? பயந்து பயந்து என்னைக் காத்தவள், இப்போது பயமில்லாமல் என் முன்னால் நிற்கிறாள். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

பாதாளக்கரண்டியை இறக்கி இருவருமாகக் குடத்தை மேலே எடுத்தோம். ஈரக் கயிற்றை அவள் சுருட்டிக்கொண்டிருந்தபோது, "என்னை மன்னிச்சியா?" என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது.

கேட்கவில்லை. அது அவளாகச் சொல்ல வேண்டியது... சொல்லாமலே போகலாம்.