அக்கா வீட்டுக் குழியில் கிடைத்த ஒன்பது காசுகள்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், உறவினர்களிடையே இன்னும் உலவும் செய்தி ஒன்றை முதலில் திருத்திவிடுகிறேன். அவர் வீட்டுக் குழியில் தங்கப் பானை கிடைக்கவில்லை. கிடைத்தவை ஒன்பது செப்புக் காசுகள். பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்தியே ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நெருப்பெரிச்சல் என்ற ஊரில். அண்ணனுக்கு அடுத்தவர், எனக்கு மூத்தவர். எட்டாம் வகுப்போடு பனியன் கம்பெனிக்குப் போனார். மச்சான் இளவயதில் காலமானபின், ஒரு பிளீச்சிங் யூனிட்டில் சூப்பர்வைசராக இருந்து மகளை வளர்த்தார். துணியில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்ததை நாலு பேர் முன்னால் சொல்லவும் செய்வார்.

மகள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில், அப்பா பங்கு பிரித்துக் கொடுத்த மனையில் செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டினார். அடிக்கு ஒன்றிரண்டாகக் காசுகள் வந்தன. செய்தி அவிநாசியில் இருந்த அண்ணனிடம் போய்ச் சேர்வதற்குள் பானையாகி, பானை இரண்டாகியிருந்தது.

அண்ணன் நேரில் பார்த்துத் தெளியட்டும் என்று, மண் அப்பிய காசுகளை அக்கா யூனிட்டுக்குக் கொண்டுபோய், வெளுத்த துணியை அலசும் அமிலத் தண்ணீரில் ஊறப்போட்டார். பனியன் ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு. களிம்பெல்லாம் நீங்கி ஒன்பதும் பளபளவென்று வந்தன.

“செம்புங்கற? இந்த மினுமினுப்பு செம்புக்கு வருமா அம்மிணி?” என்றார், பார்க்க வந்த அண்ணன்.

“ஆசிட்டுல போட்டனுங்கண்ணா.”

“தங்கத்தையுந்தான் ஆசிட்டுல போட்டுப் பாப்பாங்க. பங்கு பிரிச்சப்போ மண்ணுக்கு மேல இருக்கறதத்தான் பிரிச்சோம். கீழ இருக்கறது பொது.”

“செப்டிக் டேங்க்கையும் பொதுவா வெச்சுக்கலாமுங்களா?”

அண்ணன் செருப்பை மாட்டினார். தாய்மாமன் சீருக்குத் தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் சிரிப்பு அத்தோடு நின்றது. மூத்த தாய்மாமன் இருக்க, இளையவன் நான் சீர்த்தட்டைத் தூக்கினால் மாப்பிள்ளை வீட்டார் காரணம் கேட்பார்கள். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு மாமனும் இல்லை என்றாகும்.

மறுநாள் காசுகளை முந்தானையில் முடிந்துகொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். நானும் உடன் போனேன். மேசையில் பரப்பினார். எந்த அரசர் காலமென்று தெரியாத சிறு செப்புத் துண்டுகள் மூன்று. வெள்ளைக்காரர் காலத்துக் காலணா ஐந்து. நயா பைசா ஒன்று. எல்லாவற்றிலும் எழுத்து வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

“பொதச்சு வெச்ச காசு தேயுமாங்கண்ணா? இது கை மாறிக் கை மாறித் தேஞ்சது. உப்பு வாங்குனது, வெத்தலை வாங்குனது.”

“நயா பைசா நம்மப்பா காலம். அப்ப பானையை வெச்சது அப்பாதான்.”

“அப்பா நயா பைசாவப் பொதைக்கறவருங்களா? உழுந்தா ஊரையே கூட்டித் தேடறவரு. வெள்ளி ரூவா தொலைஞ்சா எடுக்காம யாருங்க போவாங்க? காலணான்னா கொஞ்ச நேரம் தேடிப்போட்டுப் போயிருவாங்க. அதான் மண்ணுல காலணாவாக் கெடக்குது.”

வீடு வருமுன் தலைமுறை தலைமுறையாக அந்த மனை வழியே நடந்தவர்களின் மடியிலிருந்து நழுவிய சில்லறை என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்கும் தோன்றவில்லை. அண்ணனுக்குத் தோன்றியது. அடுத்த நாள் கடப்பாரையோடு வந்து குழியில் இறங்கினார். அப்போது அவருக்கு அறுபது வயது. இரண்டு நாள் வெட்டினார். அக்கா மேலேயிருந்து மோர் கொடுத்தார். “அந்த மூலைய உட்டுட்டீங்கண்ணா” என்று காட்டவும் செய்தார். கடைசியில் பாறை வந்தது. அண்ணன் ஏறி வந்து கைகால் கழுவிக்கொண்டு, “சீர்த்தட்டு எத்தனைன்னு சொல்லு அம்மிணி” என்றார்.

கல்யாணம் குறையின்றி நடந்தது. வேண்டியதைப் போல் இரு மடங்கு ஆழமான அந்தத் தொட்டி இன்றுவரை நிரம்பவில்லை.

அக்கா படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் முறை வைத்து வந்து தலைவாரிவிட்ட யூனிட் தோழிகளுக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுத் தென்காசிக் குடும்பத்தாருக்கும், மகளுக்கும் மருமகனுக்கும் எங்கள் நன்றி. அண்ணனுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். அக்கா மறைந்த அன்று, பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுக்க அவரே கடைக்குப் போனார். அக்காவுக்குப் பிடித்த நிறம் எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. போனில் என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மூன்று சேலை எடுத்து வந்தார். மூன்றையும் போர்த்தினோம்.