காளியம்மா பெயரில் போன ரத்தம்

போன வாரம் சர்க்கரை பார்க்க ராமநாதபுரத்தில் ஒரு லேபுக்குப் போயிருந்தேன். ஐம்பதை நெருங்கினால் நம் உடம்பே நமக்கு ஒரு புராஜெக்ட் ஆகிவிடுகிறது. ரத்தம் எடுத்த பெண் முதலில் பெயரைக் கேட்டாள். பிறகு ஆதார் அட்டையைக் கேட்டாள். அதைப் பார்த்துவிட்டு மறுபடியும், "பேரு சொல்லுங்கம்மா" என்றாள். எனக்குப் பின்னால் நின்றவர் சலித்துக்கொண்டார். எனக்கோ அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் நாலு தடவை கேளம்மா என்று சொல்லத் தோன்றியது. அதற்குள் அவள் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து முழங்கைக்குள் தேய்த்துவிட்டாள். அந்த வாசனை வந்தால் நான் நானாக இருப்பதில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, என் ஊர் பஸ் இரண்டைக் கண்ணெதிரே போகவிட்டேன்.

ஸ்பிரிட் வந்தால் பின்னாலேயே ஃபார்மலின் வாசனையும் வந்துவிடும். பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்த கையோடு பாம்பனில் ஒரு வாடகை அறையில்தான் எனக்கு முதல் வேலை. அறை முழுக்கப் பாட்டில்கள். பாட்டிலுக்குள் கடல் குதிரை, கடல் அட்டை, பெயர் தெரியாத புழுக்கள். அவற்றுக்கு நடுவில்தான் என் மதியச் சோறு. வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "குளிச்சிட்டு உள்ள வா, பொண நாத்தம் அடிக்குது" என்பாள். அய்யா மட்டும் ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "எம் மக ஆராய்ச்சி பண்ணுறா." நான் பண்ணியது ஆராய்ச்சி அல்ல. ஆராய்ச்சி பண்ண வந்தவர்களுக்கு வழி காட்டியது, பேச்சை மொழிபெயர்த்தது, பாட்டிலில் சீட்டு ஒட்டியது. ஆனாலும் அய்யாவைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை, எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

எத்தனை விதமான ஆராய்ச்சிகள் தெரியுமா உங்களுக்கு? நம் கரைக்கு வராத படிப்பே கிடையாது. ஒருவர் இரும்புச் சட்டத்தைக் கடலடியில் வைத்து, அதற்குள் எத்தனை புல் முளைத்திருக்கிறது என்று எண்ணுவார். இன்னொருவர் ஆவுளியாவைத் தேடி வந்தார். கடல்பசு என்று புத்தகத்தில் போட்டிருக்குமே, அதுதான். அதைப் பிடித்தால் ஜெயில் என்பதால் கரையில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. கேட்டால், "அது எங்க தாத்தா காலத்துல" என்று சொல்லி வைத்தாற்போல் ஒரே பதில். காற்றின் பெயர்களைச் சேகரிக்க வந்தவர் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நோட்டில் எழுதிவிட்டு, எது எந்தத் திசை என்று நாலு பேரிடம் கேட்டார். நாலு பேரும் நாலு பக்கம் கை காட்டி, சண்டை மூண்டு, நான் அவரை ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பும்படி ஆயிற்று.

புதுமடத்துக்கு ஒரு பெண் வந்தாள். வளைகுடாவில் வேலை பார்த்த கணவன்மார் அந்தக் காலத்தில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள் அல்லவா, அந்தக் கேசட்டுகளை வைத்துப் பண்பாட்டு ஆய்வு. நான்தான் வீடு வீடாகக் கூட்டிப்போனேன். ஒரு வீட்டில் அந்த அம்மா கேசட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இது அவுக எங்கிட்டப் பேசுனதும்மா, உங்க காலேஜுக்கு எதுக்கு? இன்ஷா அல்லாஹ் அவுக லீவுல வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்று சிரித்து, ஒரு கிண்ணம் பிர்னிப் பாயசம் கொடுத்து அனுப்பினார். அத்தனை ஆராய்ச்சியிலும் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். மற்ற எல்லாரும் கேட்டதையெல்லாம் கொடுத்தார்கள்.

கொடுத்தவர்களில் முதல் வரிசையில் பாசி எடுக்கும் பெண்கள். பாம்பனை ஒட்டிய ஒரு சின்னக் குப்பம். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்து வருவார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, நீர் வத்தும் நாட்களில் படகேறித் தீவுகளுக்குப் போவார்கள். அந்தக் குப்பத்தில்தான் காளியம்மாவும் அவள் நாத்தனார் ராக்கும். காளியம்மா வாய்க்காரி. மகளிர் குழுவில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு, கண்ட காகிதத்திலெல்லாம் போட்டுப் பார்ப்பவள். ராக்கு அவளுக்கு நேர் எதிர். கணவன் விட்டுப்போன பிறகு அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டவள். எதற்கும் மதினி, எதிலும் மதினி. இருவரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுத்ததில்லை. கையில் நோட்டு இருந்தால் அங்கே டீச்சர்தான்.

உடம்பைப் பற்றிய ஆராய்ச்சிகள் அந்தக் குப்பத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ரத்தசோகைக்கு ஒரு குழு, யானைக்காலுக்கு ஒரு குழு. மூன்றாவதாக, உப்புத் தண்ணீர் குடிப்பவர்களின் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு குழு. சென்னையிலிருந்து வந்த டாக்டரம்மா அதற்குத் தலைவர். வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கிப் போட்டுப் பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் போட்ட சீட்டை வீட்டில் கொடுத்து, குறிப்பிட்ட நாளில் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். ரத்தம் கொடுத்தால் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. நாளைக் குறித்தது டாக்டரம்மாவின் விமான டிக்கெட்டைப் பார்த்து. அது அமாவாசையை ஒட்டிய நாள் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது, படித்தவர்கள் யோசிக்காமலா குறிப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

பெண்களில் பாதிப்பேர் தீவுக்குப் போய்விட்டார்கள். காளியம்மாவும் போய்விட்டாள். அவள் சீட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றது ராக்கு. பத்து நாளாகக் காலில் நீர் கோத்திருக்கிறது என்று அவள் கடலுக்குப் போகவில்லை. அவள் பெயர் குலுக்கலில் விழவும் இல்லை.

"நீ காளியம்மா இல்லையே" என்றேன்.

"மதினி சீட்டு டீச்சர். ரேசன் கடையில யாரு கார்ட யாரு கொண்டுபோனாலும் அரிசி போடுறாகள்ல? அவ வந்து, வாளி எங்கனன்னு கேப்பா. ரத்தம் ரத்தந்தானே, எழுதுங்க."

இதில் ஏமாற்று எதுவும் இல்லை, தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். அந்தக் குப்பத்தில் வீட்டில் இருக்கிற ஆள் கடலில் இருக்கிற ஆளுக்காகப் போய் நிற்பது வழக்கம். குழுக் கூட்டத்துக்கு, மண்ணெண்ணெய்க்கு, கோயில் பொங்கலுக்கு, எல்லாவற்றுக்கும். அன்று ராக்கு மட்டுமல்ல, இன்னும் சிலரும் அப்படித்தான் வந்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் நின்று டாக்டரம்மா, "மதியத்துக்குள்ள லிஸ்ட் முடிஞ்சாகணும், எனக்கு ஃபிளைட்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். படிவத்தில் நான் காளியம்மா என்று எழுதினேன். ராக்கு அதன் கீழே பெருவிரலை வைத்தாள். "முடிவு வருமா டீச்சர்?" என்று கேட்டாள். எல்லாரும் கேட்கிற கேள்வி. "வரும்" என்றேன். எல்லாருக்கும் சொல்கிற பதில்.

நம்பமாட்டீர்கள், அந்த ஒரு தடவை முடிவு வந்தது. சில மாதம் கழித்து டாக்டரம்மாவிடமிருந்து தபால். காளியம்மாவுக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் மிக அதிகம், சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும். தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"எந்த ரத்தம் டீச்சர்? எடுத்தவுக எத்தன பேரு!" என்றாள் காளியம்மா.

"பள்ளிக்கூடத்துல எடுத்தது."

"எல்லாத்தையும் அங்கனதான எடுத்தாக."

நியாயமான பேச்சு. இரண்டு வருடத்தில் மூன்று குழு வந்துபோன குப்பத்தில், எந்த ஊசி எந்தக் குழு என்று அவள் எதை வைத்துச் சொல்வாள்? அவளுக்கு நினைவில்லை. மதினி சீட்டில் தான் ரத்தம் கொடுத்தது ராக்குக்கும் தோன்றவில்லை, தாளில் இருந்த பெயர்தான் பெரிதாகத் தெரிந்தது. "மதினி, ஒனக்கா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்கு? எனக்கும் நினைவு வரவில்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. அன்று சீட்டு மாறியவர்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நானே முடிவு செய்திருந்தேன். ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். ராக்கு துணைக்கு வந்தாள். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் கையில் பிடித்துக்கொண்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கால்களைப் பார்த்தேன். "உப்புத் தண்ணியில நின்னு நின்னு" என்றாள் அவளாகவே. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். விலங்கியல் பட்டதாரி.

காளியம்மாவுக்கு எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு முறை பார்த்தும் சரியாக இருந்தது. "மிஷின் தப்பாக் காட்டியிருக்கும்" என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ராக்கு மதினியைக் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். எனக்கு வடை வாங்கிக்கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

அதன் பிறகு நான் கடல்புல் எண்ணுகிறவரிடம் போய்விட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். படகு பேசுவதற்காகக் குப்பத்துக்குப் போனபோது ராக்கின் குடிசை பூட்டியிருந்தது. காளியம்மாவின் கணவர் வலையை உதறிக்கொண்டே, "தங்கச்சி போயிருச்சு டீச்சர். ரெண்டு கிட்னியும் போயிருச்சாம், கடைசியிலதான் சொன்னாக" என்றார். படகு பேசாமலே திரும்பிவிட்டேன். அறையில் பாட்டில்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்தில் எழுதிய படிவங்களின் இரண்டாம் பிரதிகள் கிடந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். காளியம்மா என்று என் கையெழுத்து. அதன் கீழே நீல மையில் ஒரு பெருவிரல். கையெழுத்துப் போடத் தெரிந்ததில் அத்தனை பெருமை கொண்டவள் ஒருநாளும் ரேகை வைத்திருக்கமாட்டாள்.

டாக்டரம்மாவுக்கு எழுதினேன். பதில் பத்து நாளில் வந்தது. மறுபரிசோதனையில் பொருந்தாத அந்த ஒரு அளவை, பிழை என்று அப்போதே நீக்கிவிட்டதாகவும், கட்டுரை வெளியாகிவிட்டதாகவும், முடிவுகளில் இதனால் மாற்றம் இல்லை என்றும் எழுதியிருந்தார். இந்த விவரத்தைப் பங்கேற்பாளர்களிடம் பேசுவது ரகசியக் காப்பு விதிக்கு மாறானது என்று ஒரு வரி. கட்டுரையை வாங்கிப் படித்தேன். அந்தக் குப்பத்துப் பெண்களிடம் கடுமையான சிறுநீரகக் கோளாறு எதுவும் காணப்படவில்லை என்று அதில் இருந்தது. நன்றி சொன்ன பட்டியலில் என் பெயர் சரியான எழுத்தில் இருந்தது.

வேலையை விட்டேன். கல்யாணம், பிள்ளைகள், ஒரு தனியார் பள்ளியில் நிஜமாகவே டீச்சர். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று இத்தனை வருடம் ஓடிவிட்டது. தைரியம் வந்து, போன வருடம்தான் குப்பத்துக்குப் போனேன். காளியம்மா இப்போது கடலில் இறங்குவதில்லை. முழங்கால் போய்விட்டது. கரையில் பாசி காயவைக்கிற இடத்தில் குச்சியோடு உட்கார்ந்து ஆடு வராமல் பார்த்துக்கொள்கிறாள். என் குரலை வைத்தே கண்டுகொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ராக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

"உங்களுக்குத் தெரியாது டீச்சர், யாருக்குமே தெரியாது. நீங்க காயிதத்தக் கொண்டாந்தீகள்ல, மறுநாளே அவ ஏர்வாடிக்குப் போயிருக்கா. தர்காவுல விழுந்து, மதினிக்குப் புள்ளக்குட்டி இருக்கு, எனக்கு ஆரு இருக்கா, அவ நோவ எனக்குக் குடுத்துருங்கன்னு வேண்டியிருக்கா. சாகப்போகும்போதுதான் எங்கிட்டச் சொன்னா. கேட்டபடியே வாங்கிக்கிட்டா பாருங்க. நான் இப்ப மூச்சு விடுறது அவ மூச்சு."

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். இன்றுவரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவள் தனக்காக ஒருத்தி செத்தாள் என்ற பாரத்தைச் சுமக்கிறாள் என்று எனக்குப் பட்டது. அதை இறக்கி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அது முதலிலிருந்தே ராக்கின் ரத்தம்தான், நோயும் ராக்கின் நோய்தான், சீட்டு மாறியது தெரிந்தும் எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

ஒரு ஆடு வந்து பாசியில் வாய் வைத்தது. அவள் விரட்டவில்லை.

"ஆமா, அன்னைக்கு நான் தீவுலதான கெடந்தேன்" என்றாள் கடைசியில். பிறகு, "அப்பவே தெரிஞ்சிருந்தா?"

"மருந்து மாத்திரையில இன்னும் கொஞ்ச வருசம் இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

"இத எதுக்கு டீச்சர் இப்ப வந்து சொன்னீக?" கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "எனக்காகச் செத்தான்னு இருந்தேன். வருசா வருசம் ஏர்வாடிக்குப் போயி அவ பேரச் சொல்லி நேர்ச்சச் சோறு போடுவேன். இப்பப் பாத்தா அவ சும்மாதான செத்துருக்கா."

அவள் குச்சியை ஊன்றி எழுந்து, ஆட்டைத் தாண்டி, வீட்டைப் பார்த்து நடந்தாள். நான் அங்கேயே நின்றேன். இந்த வருடம் அவள் ஏர்வாடிக்குப் போகவில்லை என்று படகுக்காரர் ஒருவர் சொன்னார்.