பங்கே வேண்டாம் என்று எழுதப் போனேன்

கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து நாடு முழுக்க அவசரகாலம் போட்டிருந்த சமயம். கோலா சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது. கோபம் எப்போதும் மூக்கு நுனியில். தோட்டக் காவலுக்கு ஸ்பெஷல் போலீஸ் பன்னிரண்டு பேரை எடுக்கப்போவதாகச் சொன்னார்கள்.

எங்கள் தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயமே சாதி பார்த்துத்தான். வேலைக்குப் பன்னிரண்டு பேர் எடுத்தால் பத்து இடம் பொது என்று பெயர், ஆனால் மேட்டு லயத்துக்கே போகும்; எங்கள் கீழ் லயத்துப் பங்கு என்று இரண்டு. அந்த இரண்டும் சும்மா வந்ததில்லை. அம்மன் திருவிழாவுக்குப் பறையைத் தொடமாட்டோம் என்று எங்கள் ஆட்கள் ஒரு வருடம் பிடிவாதமாக நின்று வாங்கியது.

ஓட்டத்திலும் துப்பாக்கி சுடுவதிலும் சேர்த்து நான் நான்காவதாக வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பதின்மூன்றாவது, அக்காள் புருஷன் பதினான்காவது. ஆபத்து என்று காட்டோரத்து ரப்பர் மரங்களைச் சீவிப் பால் எடுப்பதை நிறுத்தியதில் மச்சானுக்கு மூன்று மாதமாக வேலை இல்லை. அக்காள் பிள்ளைகளுக்கு மரவள்ளிக் கிழங்குதான் மூன்று வேளையும். மச்சான் இந்த வேலையை மலைபோல நம்பியிருந்தார்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பட்டியலை ஒட்டினார். கீழ் லயத்துப் பங்கில் என் பெயரும் பக்கத்து வீட்டுக்காரர் பெயரும். மச்சான் பெயர் இல்லை. போய்க் கேட்டேன்.

"உங்களுக்கு ரெண்டுதான்டா. ரெண்டும் ரொம்பிப் போச்சு லா," என்றார்.

போதாததற்கு மேட்டு லயத்து இளவட்டங்கள், "பங்குல வந்த போலீசு போவுதுடோய்!" என்று கிண்டல். நான்காவதாக வந்த என்னையா! உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாளே சைக்கிளை மிதித்துக் கோலா சிலாங்கூர் போனேன். அங்கே ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். முன்பின் தெரியாதவர். என் வயதுதான் இருக்கும், பேச்சு மட்டும் வெடுக் வெடுக்கென்று. கதையை எல்லாம் கொட்டிவிட்டு, "இந்தப் பங்கே வேணாம், மொத பன்னெண்டு பேர எடுக்கட்டும்னு எழுதுங்க," என்றேன்.

பாதி எழுதியவர் பேனாவை மூடிவிட்டார்.

"யாருக்காக வந்தீரு?"

"மச்சானுக்காக."

"அவரு பதினாலு. பன்னெண்டோட நிறுத்துனா அவரும் போயி, அந்தப் பதிமூணும் போயி, நீரு மட்டும் துப்பாக்கியத் தூக்கிட்டு நிப்பீரு. நல்லா இருக்குமா ஓய்?"

எங்கள் லயமே சேர்ந்து வாங்கிய இரண்டு இடத்தை, யாரோ கிண்டல் செய்தார்கள் என்று நானே தூக்கிக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். அட மடையா!

அவர் வேறு தாள் எடுத்தார். "நாலாவதா வந்த ஆள எதுக்குப் பங்குல எழுதுறான்? நீரு பொதுவுல வாரும். அந்த ரெண்டு எடமும், அப்படி வர முடியாதவங்களுக்கு. கேக்க வேண்டியது இதுதான் ஓய்," என்று சொல்லி அதையே எழுதிக் கொடுத்தார். அன்றே போலீஸ் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துப் போலீஸ் அதிகாரி தோட்டத்துக்கே வந்தார். மனுவைப் படித்துக் காட்டிப் பட்டியலைத் திருத்தச் சொன்னார். பொதுப் பத்தில் நான்காவதாக என் பெயர். பங்கு இரண்டில் பக்கத்து வீட்டுக்காரரும் மச்சானும். இடம் போன மேட்டு லயத்துக்காரர் பக்கம் முணுமுணுப்பு இருந்தது. கிராணி ஒரு மாதம் என் முகத்தில் விழிக்கவில்லை, போகட்டும். அக்காள் அழுதுகொண்டே சிரித்தாள்.

நன்றி சொல்லப் போனபோது அந்த மனிதர், "அடுத்த தடவ கோவம் ஆறுனப்புறம் வாரும் ஓய்," என்று டீ வாங்கிக் கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன். நான் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால், அக்காள் பிள்ளைகளின் சோற்றில் மண்ணைப் போட்டது கிராணியாக இருந்திருக்காது, நானாகத்தான் இருந்திருப்பேன்.